மணி அடித்த பிறகு

நான்கு பத்துக்குக் கடைசி மணி அடிக்கிறது. இரும்புக் கதவில் ஒரு பக்கத்தை மட்டும் திறக்கிறார் வாட்ச்மேன். அந்த இடுக்கு வழியாக ஆயிரம் பேர் தெருவுக்கு வருகிறார்கள். சைக்கிளை உருட்டுகிறவர்கள், வேனைப் பிடிக்க ஓடுகிறவர்கள், எதிர்ப்புறத் தள்ளுவண்டியில் மாங்காய்க்கு மிளகாய்த்தூள் கூடுதலாகக் கேட்கிறவர்கள். கூட்டம் கரைந்ததும் கதவு சாத்தப்படுகிறது. அத்தோடு தன் கடமை முடிந்தது என்று பள்ளி நினைத்துக்கொள்கிறது. சில தனியார் பள்ளிகள் இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிவிடும்: வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கும் பலகையிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். அங்கே வண்டிக்கு, இங்கே பிள்ளைக்கு.

பள்ளியின் பொறுப்பு கதவோடு முடிகிறதா? முடிகிறது என்பவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் இல்லை. ஓர் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகள். பாடம் நடத்த வேண்டும், கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிய வேண்டும், விலையில்லாப் பொருள்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். இதற்கு மேல் தெருமுனையில் யார் நிற்கிறார்கள், எந்த வீட்டில் என்ன சண்டை என்பதற்கும் அவரே ஜவாப்தாரி என்றால் அது நடக்கிற காரியமில்லை. பள்ளி ஒரு பிள்ளையின் முழுநாளையும் வேவு பார்க்கத் தொடங்கினால் அதுவும் நல்லதற்கில்லை. மாங்காய் வண்டியருகே பத்து நிமிடம் நின்று அரட்டை அடிக்கிற சுதந்திரமும் வளர்கிற பிள்ளைக்கு வேண்டியதுதான்.

இவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் பொறுப்பை அளக்க மதில்சுவர் நல்ல கோலாகாது. தெரிந்திருந்ததா, தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்று கேட்பதே நேரான வழி.

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வந்தவர்கள் கூலிப்படையினர் அல்லர். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். அதற்கு முன் சில நாட்களாக அந்த மாணவர் பள்ளிக்கு வராமல் நின்றிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. சக மாணவர்கள் கொடுத்த தொல்லை வெளியே வந்தது. புகார் போனது. புகார் போன சூட்டோடு அரிவாள் வந்தது.

இங்கே பள்ளி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. வராத பிள்ளையைப் பற்றிக் கேட்டது, காரணத்தைத் தெரிந்துகொண்டது. முதலாவதைக்கூடச் செய்யாமல் வருகைப் பதிவேட்டில் ‘ஆ’ போட்டுவிட்டுப் போகிற பள்ளிகள் எத்தனையோ. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாய் திறந்த நொடியில் ஒரு மாணவரின் நிலைமை முன்பைவிட மோசமாகிவிடுகிறது. நேற்றுவரை தொல்லைக்கு ஆளானவர், இன்று மாட்டிவிட்டவர். புகார்த் தாள் பள்ளி மேசையில் பத்திரமாக இருக்கும். அதை எழுதியவர் தெருவில் தனியாக நடந்து போவார். தெரிந்துகொண்டவர்களுக்குப் புதிதாக வந்து சேரும் கடமை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. விசாரணையைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம், அதில் பாவமில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகிறது என்பதைத் தள்ளிப்போட முடியாது.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களின் அளவில் சட்டம் இந்தக் கோணத்தை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமின்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சம்பவம் வகுப்பறையிலா, டியூஷனிலா, சித்தப்பா வீட்டிலா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை. நிறுவனத்தை நடத்துகிறவர் தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்கு அதனால் வழக்குத் தொல்லை வராது என்ற காப்பும் அதிலேயே இருக்கிறது.

தெரிந்தால் கடமை வந்துவிடும் என்றால், தெரியாமல் இருப்பதுதானே சௌகரியம்? இந்த நியாயத்தின் பலவீனமான இடம் இதுதான். நம் நிறுவனங்கள் அதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. தெரியாமல் இருப்பதற்கு அவை பாடுபட்டு ஏற்பாடு செய்துகொள்கின்றன.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் அடிபட்டு இறந்தாள். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழ் இருந்தது. ஒரு குழந்தை நழுவி விழும் அளவுக்கு ஓட்டை ஒரே நாளில் உண்டாவதில்லை. முதலில் துரு, பிறகு கீறல், பிறகு கால் விரல் போகிற சந்து. கீழே சாலை ஓடுவதைக் குனிந்து பார்ப்பது அந்த இருக்கைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டாகக்கூட இருந்திருக்கலாம். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். அவர்கள் கண்டது மேலே போய்ச் சேர வழியில்லை; மேலே இருந்தவர்களிடம் சான்றிதழ் இருந்தது. கையில் காகிதம் இருந்தால் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அவற்றால் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் விதி கூடக் கூட நிரப்ப வேண்டிய படிவமும் கூடும். படிவம் நிரம்பிவிட்டது என்பதையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வதும் கூடவே வரும்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே துருவும் இல்லை, மறைவும் இல்லை. மாடியில் கீற்றுக் கூரை போட்டிருந்தது, அவ்வளவுதான். படியேறிய எவரும் அண்ணாந்தால் பார்த்திருப்பார்கள், பார்த்துமிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று யாரோ ஒருவருக்குத் தெரிந்ததாக ஆகாமலே போய்விடுகிறது. அந்த மரணங்களைத் தொடர்ந்து வந்த வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று சொன்னது. அப்படிச் சொல்வதற்கு ஓர் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

பேருந்துப் படிக்கட்டு இதே வகைதான். 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் மாநகரப் பேருந்தின் படியில் தொங்கிக்கொண்டு வந்த மாணவர்கள் நால்வர் லாரி மோதி இறந்தார்கள். படியில் நிற்காதே என்று பேருந்திலேயே எழுதியிருக்கிறது, கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்கிறார், பள்ளியில் காலை வழிபாட்டில் அறிவுரையும் உண்டு. வீம்புக்குத் தொங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். உள்ளே காலி இடம் இருந்தாலும் வர மாட்டார்கள். அவர்களுக்காக ஓட்டுநரைப் பழிப்பது நியாயமில்லை. ஆனால் காலை எட்டேகாலுக்கு ஒரே வண்டி, அதுவும் முந்தின ஊரிலேயே நிரம்பி வருகிறது என்ற நிலையில் இருக்கிற பையனுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான்: படி, அல்லது முதல் பீரியட் ‘ஆ’. பாஸ் வைத்திருக்கும் கூட்டத்தைக் கண்டால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துகிற வண்டிகளை அவன் துரத்தித்தான் ஏற வேண்டியிருக்கிறது. அவனிடம் தைரியத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்வது எளிது. இன்னொரு வண்டி விடுங்கள் என்று போக்குவரத்துக் கழகக் கிளைக்குத் தலைமையாசிரியர் எழுதுவது கொஞ்சம் சிரமம். இரண்டில் எது அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால், அறிவுரைதான்.

பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படுகிற பல காரியங்களின் செலவு இப்படிப் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. ஒரு பெண் பிள்ளை, பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தினமும் பின்தொடர்கிறான் என்று வீட்டில் சொல்கிறாள். அடுத்த வாரம் அவளுடைய படிப்பு நிற்கிறது, அல்லது செல்போன் பிடுங்கப்படுகிறது, அல்லது கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. அவன் அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறான். பள்ளிகளில் இதற்கு ஈடான சடங்கு டி.சி. கொடுத்து அனுப்புவது. பிரச்சினையில் மாட்டிய பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினையும் கூடவே போய்விடும் என்ற நம்பிக்கை. பெற்றோரின் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அவர்களுக்கு வேறு ஆயுதம் தரப்படவில்லை. ஆனால் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகள் ஒரு பாடம் கற்கிறார்கள்: சொன்னால் இழப்பு சொன்னவளுக்கு. அடுத்தவள் சொல்ல மாட்டாள்.

தமிழ்நாட்டில் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு புகார்ப் பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 14417, 1098 என்ற உதவி எண்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். பெட்டி எங்கே மாட்டப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது மற்றதெல்லாம். தலைமையாசிரியர் அறை வாசலில், ஆசிரியர்கள் நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினால், அதில் சீட்டுப் போட நடக்கும் ஏழெட்டு அடியை எல்லோரும் பார்ப்பார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்கள் நினைப்பதைவிட நன்றாகவே தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எல்லோரும் எப்போதும் கூடுகிற இடத்தில் மாட்டினால் யார் போட்டது என்பது கூட்டத்தோடு கலந்துவிடும். இரண்டு ஆணி அடிக்கும் இடத்தைத் தேர்வதில்கூட, தெரிந்துகொள்ள விரும்புகிறோமா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

இன்னொரு இக்கட்டு உண்டு. அதற்கு எளிய விடை கிடையாது. “மிஸ், உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று ஒரு பிள்ளை தொடங்குகிறது. அது பாலியல் குற்றமானால், கேட்டபின் சொல்லாமல் இருப்பது சட்டப்படி குற்றம், அறப்படியும் கைவிடல். சொன்னால் நம்பிக்கைத் துரோகம். அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாமல் போகலாம். சட்டம் இதில் தயங்காமல் ஒரு பக்கம் நிற்கிறது, அது சரிதான் என்றே தோன்றுகிறது. ரகசியம் காக்கப்பட்டால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், பெரும்பாலும் தீங்கு செய்தவருக்கு. ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் ஆசிரியருக்கு இடமிருக்கிறது. பிள்ளை முழுதும் சொல்லி முடிப்பதற்கு முன்பே, “உனக்கு ஆபத்துன்னா நான் சிலர்கிட்ட சொல்லியே ஆகணும்மா, ஆனா உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டு ஒரு பிள்ளை வாயை மூடிக்கொள்ளவும் கூடும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பொய்யான வாக்குறுதி கொடுத்துக் கறந்த உண்மையைவிட அது மேல்.

நாங்குநேரிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அரிவாள் எடுத்தவர்களும் மாணவர்கள்தான். அவர்களுக்கும் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. மாணவர் பாதுகாப்பு என்று பேசும்போது நம் கண்முன் வருவது எப்போதும் அடிபட்டவர். அடித்தவரைக் குற்றவாளி என்ற இன்னொரு பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். அப்படிச் செய்தால் மனசு லேசாகிவிடும். ஆனால் ஒரு பையன் அரிவாளுக்கு ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. பேருந்துத் தரைக்குத் துரு போல அவனுக்கும் முன்கதை உண்டு. மணிக்கட்டில் சாதி நிறத்தில் ஒரு கயிறு, பெஞ்சில் யாரோடு யார் உட்காரலாம் என்ற எழுதாத விதி, ‘அவனுங்க’ என்ற சொல், ஊர்த் தலைவர்கள் முதுகில் தட்டிய தட்டு. இந்தச் சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வதும் ஒன்று. உடனே எதிர்ப்பும் வந்தது. கயிறு கட்டுவது நம்பிக்கை சார்ந்தது, பள்ளி அதில் ஏன் தலையிட வேண்டும் என்றார்கள். அந்த எதிர்ப்பை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கோயிலில் கட்டிய கயிறும் உண்டு, பாட்டி மந்திரித்துக் கட்டிய கயிறும் உண்டு. ஆனால் தென்மாவட்ட வகுப்பறை ஒன்றில் பத்து நாள் பாடம் நடத்திய ஆசிரியருக்கு எது எந்தக் கயிறு என்று தெரியும். தெரிந்தும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டால், அந்தப் பையனையும் சேர்த்தே கைவிட்டாயிற்று.

கயிற்றை அறுத்து எறிவது மட்டும் வேலைக்கு ஆகாது. அது சட்டைக் கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அவனைத் தனியே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, இது யார் கட்டியது, எப்போதிலிருந்து என்று கேட்கிற ஆள் வேண்டும். அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். எமிஸில் அதைப் பதிவதற்குக் கட்டம் கிடையாது.

காலை ஒன்பதரை. ஆசிரியர் பெயர் வாசிக்கிறார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது நாளாக வரவில்லை. பின்பெஞ்சில் யாரோ லேசாகச் சிரிக்கிறார்கள், இன்னொருவன் அவனை முழங்கையால் இடித்து நிறுத்துகிறான். அடுத்த பெயருக்குப் போவதா, அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் ஒரு போன் போடுவதா? சிரித்தவன் யார் என்று அவருக்கு இப்போது தெரியும்.