‘நானே செய்தேன்’: வினைமுதல் பற்றிய ஒரு சிந்தனை

ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, “இதனை நானே செய்தேன்” என ஒருவன் கூறும்போது அவன் கூறுவது யாது? சொல் எளியது, அதன் பொருள் அவ்வளவு எளியதன்று. சோறாக்கியவளும் இவ்வாறு கூறலாம். ஆலை முதலாளியும் கூறுகிறான். இக்கூற்று எவ்விடத்து மெய்யாகிறது, மெய்யாகுமிடத்து அது கூறுவோன்மீது எத்தகைய கடப்பாட்டைச் சுமத்துகிறது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

எடுத்துக்காட்டாக யான் கொள்வது சற்றுத் தொலைவிலுள்ள ஒன்று. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், தச்சுத்தொழில் பயிலாத சாதாரண மக்கள் தம் வீட்டு மோட்டார் வண்டிக் கொட்டகையில் முதன்முறையாகக் கட்டும் சீடார் மரக் கீற்றுத் தோணியே அது. அத்தோணியைக் கட்டியே ஆகவேண்டிய தேவை அவர்களுள் எவர்க்கும் இல்லை, கடையில் வாங்கலாம். தேவையின்றியும் கூலியின்றியும் செய்யப்படும் வேலையிலேதான் ‘செய்தல்’ என்பது பிற நோக்கங்களோடு கலவாது தெளிவாகத் தென்படும் என்பது எனது எண்ணம்.

கனூ எனப்படும் இத்தோணி ஏறத்தாழ 16 அடி நீளமுடையது. இரு முனையும் கூர்மையானது. ஒருவர் தோளிற் சுமந்து ஏரிக்கு ஏரி கொண்டுசெல்லத்தக்கதாக 50, 60 இறாத்தல் நிறையே கொண்டது. இதனைக் கட்டும் முறை நுணுகி நோக்கத்தக்கது. சீடார்ப் பலகையிலிருந்து கால் அங்குலத் தடிப்பும் முக்கால் அங்குல அகலமும் கொண்ட நீண்ட கீற்றுக்கள் அறுக்கப்படும். ஒவ்வொரு கீற்றின் ஒரு விளிம்பு குழிவாகவும் மறு விளிம்பு குவிவாகவும் சீவப்படும்; ஒன்றன் குவிவு மற்றதன் குழிவிற் பொருந்துவதால் வளைவான இடத்தும் இடைவெளி தோன்றுவதில்லை. தோணியின் குறுக்குவெட்டு வடிவில் ஒட்டுப்பலகையில் அறுத்த அச்சுக்கள், நீண்ட சட்டமொன்றின்மேல் ஏறத்தாழ அடிக்கொன்றாக நிறுத்தப்படும். அவற்றின்மேல் கீற்றுக்கள் ஒவ்வொன்றாக வளைத்துப் பசையிட்டு, ‘ப’ வடிவக் கம்பியாணிகளால் தற்காலிகமாகப் பிணிக்கப்படும். தோணி கவிழ்ந்த நிலையிலேயே உருவாகும். பசை இறுகியதும் ஆணிகள் பிடுங்கப்படும்; சீவுளியும் அரத்தாளும் கொண்டு மேற்பரப்பு ஒப்பமிடப்படும்; அதன்மேற் கண்ணாடி நார்த்துணி விரித்து எப்பொக்சிப் பிசின் ஊட்டப்படும். வெண்மையாக இருந்த துணி பிசினை உண்டதும் ஒளிபுகுவதாகி மரத்தின் செம்மையை மட்டும் காட்டும். பின்னர் தோணியை நிமிர்த்தி, அச்சுக்களை அகற்றி, உட்புறத்துக்கும் அவ்வாறே செய்வர். வடிவத்தைத் தந்த அச்சு தோணியில் இராது. மரமும் உண்மையில் இரு நார்த்தோல்களுக்கு இடைப்பட்ட உள்ளீடே; அழுத்தத்தைப் பெரிதும் தாங்குவன அத்தோல்களே. இதனை மரத்தோணி எனல் தகுமா என்பது வேறொரு வழக்கு. அதனை ஈண்டு விடுவோம்.

ஏறத்தாழ 200 மணித்தியாலமோ அதற்கு மேலோ பிடிக்கும் இவ்வேலையைத் தனியொருவர் வழிகாட்டியின்றித் தொடங்குவதில்லை. 1979 இல் கில் கில்பற்றிக் எழுதிய நூலும், 1983 இல் ரெட் மூர்ஸ், மெரிலின் மோர் ஆகியோர் வெளியிட்ட ‘கனூகிராஃப்ற்’ என்னும் நூலும் பலரைத் துணிவித்தன. எனவே முதற் தோணி கட்டுவோன் முன் எப்போதும் ஒரு வரைபடம் இருக்கிறது. வேறொருவரின் வரைபடத்தைப் பின்பற்றிச் செய்தவன் ‘நானே’ என்பது எங்ஙனம்?

நமது இலக்கணம் இவ்விடத்துக் கைகொடுக்கிறது. மூன்றாம் வேற்றுமைப் பொருளை விளக்கும் உரையாசிரியர் கருத்தாவை ஏவுங் கருத்தா, இயற்றுங் கருத்தா என இருவகைப்படுத்துவர். கோயில் அரசனாற் கட்டப்பட்டது. கோயில் தச்சனாற் கட்டப்பட்டது. இரு தொடரும் வழுவற்றன. அரசன் ஏவினான்; தச்சன் இயற்றினான். வரலாறு பெரும்பாலும் முதலாவது தொடரையே எழுதிவந்திருக்கிறது என்பது இலக்கணத்தின் குற்றமன்று. கருவியையும் அவர்கள் பகுத்தனர். குடத்துக்கு மண் முதற்கருவி. செய்பொருளோடு ஒன்றி நிற்பது. சுழலும் திரிகை துணைக்கருவி. வேலை முடிந்ததும் நீங்குவது.

தன் கொட்டகையில் தோணி கட்டுவோனிடத்து ஏவுங் கருத்தாவும் இயற்றுங் கருத்தாவும் ஒருவனாகின்றனர். கட்டு என்றவனும் அவனே, கட்டியவனும் அவனே. ‘நானே’ என்பதன் தேற்றேகாரத்துக்கு இதுவே முதற் பொருள். வரைபடமும் அச்சும் அகற்றப்படும் துணைக்கருவிகள் என்று கூறி மேற்கண்ட ஐயத்தைத் தீர்த்துவிடலாம் போலவும் தோன்றுகிறது.

ஆயின் அவ்வளவில் அமைதி கொள்ளல் இயலாது. திரிகை குடத்துக்கு வடிவத்தைத் தருவதில்லை. குயவன் கைதான் தருகிறது. அச்சோ வடிவத்தையே தருகிறது. அவ்வடிவம் எங்கிருந்து வந்தது? அல்கொங்கின், அனிஷினாபே முதலான பூர்வீக மக்கள் பூர்ச்ச மரப்பட்டையை விரித்து, சீடார் விலாக்களை உட்செலுத்தி, ஸ்புரூஸ் மர வேரினால் தைத்துக் கட்டிய தோணியிலிருந்து வந்தது. அவர்களுடைய வரைபடம் கையிலும் நினைவிலும் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்ராறியோ மாகாணத்துப் பீற்றர்பரோப் பகுதியிற் குடியேறியோர் அவ்வடிவத்தைப் பலகையிலும் கீற்றிலும் வார்த்து விற்கத் தொடங்கினர். இன்று பெரிதும் பயன்படும் செஞ்சீடார் மரமோ பசுபிக் கரையினது. அங்கு ஹைடா மக்கள் அதே மரத்தைக் குடைந்து பெருந்தோணிகள் செய்தனர். கிழக்கு மக்களின் வடிவமும் மேற்கு மக்களின் மரமும் ஓர் அந்நியனின் கொட்டகையிற் சந்திக்கின்றன. அவன் “நானே செய்தேன்” என்கிறான்!

ஜோன் லொக் 1689 இல் வெளியிட்ட அரசாங்கம் பற்றிய ஆய்வில், ஒருவன் தன் உழைப்பை எதனோடு கலக்கின்றானோ அது அவனுடையதாகிறது என்றார். மானைக் கொன்ற அமெரிக்க இந்தியனுக்கு அம்மான் உரியது என்பது அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று. ஆனால் அம்மக்கள் உலாவிய நிலத்தை அவர் பயிரிடப்படாத வெற்றுநிலமாகவே கணித்தார். மானுக்கு உழைப்பைக் கண்டவர் காட்டுக்கு அதனைக் காணவில்லை. லொக்கின் வழியே சென்றால், ‘நானே செய்தேன்’ என்பது விரைவில் ‘எனக்கே உரியது’ என்பதாக மாறிவிடும். பின்னர் முன்னோர் உழைப்பெல்லாம் வெற்றுநிலமாகிவிடும். ஆதலின் இக்கூற்றை உரிமைக்கூற்றாகக் கொள்வதை யான் மறுக்கிறேன். அது மெய்யாக வேண்டுமாயின் வேறொரு பொருளில் மெய்யாதல் வேண்டும்.

அப்பொருளைக் காணத் தோணியின் குறைகளை நோக்குவோம். முதற் தோணியிற் குறையிருப்பது இயல்பு. கீற்றுக்கள் முனையிற் சந்திக்குமிடத்து மயிரிழை இடைவெளி விழும்; மரத்தூளைப் பிசினிற் குழைத்து அதனை நிரப்புவர். இதனாற் தோணியின் வலிமைக்குப் பெரும் பழுதில்லை. பார்ப்பவன் கண்ணுக்கே கோடு தெரியும். இது பொய்யெனக் கூறுவோர் மிகையான தூய்மைவாதிகள். மற்றொரு குறை அத்தகையதன்று. பிசின் இறுகிய மேற்பரப்பை அரத்தாளாற் தேய்க்கும்போது கை சற்று ஆழமாகச் சென்றால் நார்த்துணியின் இழைகள் அறுபடும். அதன்மேல் இன்னொருமுறை பிசின் பூசியதும் அவ்விடம் முற்றாக மறைந்துவிடும். பூச்சு மினுங்கும், காண்போர் வியப்பர். தாங்கவேண்டிய தோல் அவ்விடத்து நலிந்திருப்பதை உலகில் ஒருவன் மட்டுமே அறிவான்.

அறமும் ஈண்டே தொடங்குகிறது. அத்தோணியின் முன்னிருக்கையில் நாளை அவன் மகள் அமரலாம். வசந்த காலத்தில் அந்நாட்டு ஏரிகளின் குளிர், நீந்தத் தெரிந்தவரையும் சிறிது நேரத்திற் செயலிழக்கச் செய்யும். மூன்றாண்டு கழிந்து ஒருவர் அதனை விலைக்குக் கேட்கலாம். கேட்பவர் அதன் அழகையே கேட்பார். அவன் என் செய்தல் வேண்டும்? நலிந்த இடத்தின்மேல் மீண்டும் துணியிடல் வேண்டும். இன்றேல் வாங்குவோனுக்குச் சொல்லுதல் வேண்டும். இதில் ஐயமில்லை. அவனுக்கு மட்டும் இது தட்ட முடியாத கடமையாக இருப்பது ஏன் என்பதே கருதற்பாலது. ஆலைத் தோணியில் ஒருவன் துணி விரிக்கிறான், ஒருவன் தேய்க்கிறான், ஒருவன் விற்கிறான். தேய்த்தவன் அறிந்ததை விற்றவன் அறியான். அறிவு துண்டாடப்பட்டமையால் பொறுப்பும் துண்டாடப்படுகிறது. ஈற்றில் உத்தரவாதப் பத்திரமொன்றே எஞ்சுகிறது. வீட்டிற் கட்டியவனிடமோ அறிவு பிளவுபடவில்லை. ஏவியவனும் இயற்றியவனும் ஒருவனே என்றோம், அறிந்தவனும் அவனே. ‘நானே செய்தேன்’ என்பதற்கு ‘இதன் குறைகளைக் கேட்கவேண்டியது என்னிடமே’ என்று பொருள்கொண்டால், பூர்வீக மக்களின் வடிவமும், ஆலையிற் காய்ச்சிய பிசினும், பிறர் வரைபடமும் அக்கூற்றைப் பொய்யாக்கா. கடன்பட்டவனும் பதில்சொல்ல வல்லவனே.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும், அது வலிமையுடையது. கொட்டகையும் ஓய்வும் பணமும் உடையோரின் பொழுதுபோக்கை அறத்தின் உரைகல்லாகக் கொள்ளலாமா? 1844 இல் மார்க்ஸ் எழுதிவைத்த கையேடுகள், உழைப்பாளி தன் செய்பொருளிலிருந்தும் செயலிலிருந்தும் அந்நியமாதலைக் காட்டின. வாரம் முழுதும் துண்டுவேலை செய்தவன் சனிக்கிழமையில் முழுவேலையைத் தேடுகிறான் என்றால், அத்தேட்டம் வார வேலைமீதான குற்றச்சாட்டே. இதனை மறுக்க யான் முற்படேன். நம்மிடையே நிலைமை இன்னுங் கடியது. உளியைத் தொடுதல் பிறப்பால் ஒரு சாரார்க்கு விதிக்கப்பட்டதாகவும், தொடாதிருத்தல் மற்றொரு சாரார்க்குப் பெருமையாகவும் கருதப்பட்டுவந்த சமூகம் நம்முடையது. இங்கு ஏவுதலும் இயற்றுதலும் இரு கருத்தாக்களாக மட்டுமன்றி இரு சாதிகளாகவும் பிரிந்து நின்றன. 1930 இல் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தபோது அதற்குப் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர். வாங்கியவரின் பெயரிடும் உரிமையை எவரும் மறுத்திலர். ஆயினும் அட்லாந்திக்கின் அலைகளுக்கு விடை கூறியது அப்பெயரன்று. வல்வெட்டித்துறைக் கைகள் பொருத்திய பலகையே.

அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியலின் ஒன்பதாம் பகுதியில், கைவினைஞன் தன் ஆக்கத்தை நேசிக்கும் அளவுக்கு, உயிர்பெற்றாலும் அவ்வாக்கம் அவனை நேசியாது என்கிறார். தாயும் புலவனும் அவ்வாறே என்பது அவர் கருத்து. முதற் தோணி கட்டியோர் இந்நேசத்தை மிகுதியாக உடையர். ஆணி பிடுங்கிய துளைகள் பற்றி அவர்களிடையே நடக்கும் விவாதம் இதற்குச் சான்று. ஒவ்வோர் அச்சும் நின்ற இடத்திற் சிறு துளைகள் வரிசையாக, ஏறத்தாழ அடிக்கொரு வரியாகப் பிசினுக்கடியில் நிலைத்துவிடுகின்றன. ஆணியே இன்றி இடுக்கிகளாற் பிணித்து இத்துளைகளைத் தவிர்ப்போர் உளர். அதற்கு நாட்கள் கூடுதலாகும். வேறு சிலர் அவற்றை அப்படியே விட்டுவிடுகின்றனர். கேட்டால், அச்சு நின்ற இடம் அது என்று விரல்வைத்துக் காட்டுவர்.