தாங்குகிறவரைத் தாங்குவது யார்?



சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கிய இளைஞர் ஒருவரை உங்கள் மனக்கண் முன் கொண்டு வாருங்கள். 2019ஆம் ஆண்டில் வங்கியில் கடன் எடுத்து, பின்வளவிலே ஒரு கொட்டகை போட்டு, நெல்லிரசமும் பழப்பாகும் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். ஆறு பேர் என்றால் ஆறு வீட்டு அடுப்புகள்.

2022ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதையே இடைநிறுத்தியது. போத்தலின் விலை ஏறியது, சீனியின் விலை ஏறியது, வங்கிக் கடனின் வட்டியும் ஏறியது.

நம் இளைஞர் இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து கணக்குப் பார்க்கிறார். காலையில் மனைவி கேட்டால், "எல்லாம் சரி" என்கிறார். வேலையாட்கள் கேட்டாலும் அதே பதில். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது "தொழில் எப்படித் தம்பி?" என்று விசாரித்தால், "கடவுள் கிருபையால் பரவாயில்லை" என்று சிரிக்கிறார்.

இந்த "எல்லாம் சரி" தைரியமா, பொய்யா? இன்று நாம் சிந்திக்க விரும்பும் கேள்வி இதுவே. 2022 கடந்துவிட்டது, ஆனால் கடனும் பயமும் பல வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை.

தலைவன் என்பவன் தளரக்கூடாது, தளர்ந்தாலும் காட்டக்கூடாது என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் பெரிய தொழில்களை நடத்துவோரே இன்று வேறுவிதமாக நடந்துகொள்கிறார்கள். அமெரிக்காவிலே பில் கம்பெல் என்றொருவர் இருந்தார். 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். பின்னர் தொழில்துறைக்கு வந்து, அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், கூகிள் நிறுவனத்தின் எரிக் ஷ்மிட் போன்றோருக்கு ஆலோசகராக விளங்கி, 2016இல் காலமானார். உமக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் தேவை என்று முதலில் சொல்லப்பட்டபோது ஷ்மிட்டுக்கு அது பிடிக்கவில்லை. அனுபவமுள்ள எனக்கு எதற்கு என்று நினைத்தார். பிற்காலத்தில், தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த புத்திமதி அதுவே என்று அவரே கூறினார்.

இது நமக்குப் புதிய ஞானமன்று. திருக்குறளின் 45ஆம் அதிகாரம் பெரியாரைத் துணையாகக் கொள்ளுவதைப் பற்றியது. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை தனியே இருந்து வழக்குத் தீர்த்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் கண்டிக்கிறார். இப்படிச் செய்தால் நீரும் களைத்துப்போவீர், உம்மோடு இருக்கும் மக்களும் களைத்துப்போவார்கள் என்பது அவர் சொன்னதன் பொருள். கவனியுங்கள்: தலைவனின் களைப்பு அவனோடு நின்றுவிடுவதில்லை. அது அவனை நம்பியிருப்போரின் தலையிலும் விழுகிறது. ஆகவே துணை தேடுவது தலைவனின் பலவீனமன்று. அது அவனது கடமைகளில் ஒன்று.

புனித இஞ்ஞாசியார் இதனை அனுபவித்து அறிந்தவர். 1522இல் மன்ரேசா நகரில் அவர் பட்ட மனவேதனை சாமானியமானதன்று; தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை கூட அவருக்கு வந்தது. அந்த இருளைக் கடந்து வந்தவர் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் எழுதிவைத்த விதிகளில் இரண்டை இங்கு நினைவுகூரலாம். மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில், முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது ஒன்று. சோதிப்பவன் எப்போதும் இரகசியத்தையே விரும்புகிறான், நல்லதொரு ஞானத்தந்தையிடம் உள்ளத்தைத் திறந்து சொல்லிவிட்டால் அவன் சூழ்ச்சி குலைந்துபோகும் என்பது மற்றொன்று.

இதைத் தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள். நட்டத்தில் ஓடும் தொழிலை ஒருபோதும் மூடக்கூடாது என்று இஞ்ஞாசியார் சொல்லவில்லை. மூடவேண்டி வரலாம். ஆனால் அந்த முடிவை இரவு இரண்டு மணிப் பயம் எடுக்கக்கூடாது. பகல் வெளிச்சத்தில், கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, நம்பிக்கைக்குரிய ஒருவரின் முன்னிலையில் எடுக்கவேண்டும்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தலைவனைத் தேற்றுவது எதற்காக? அவன் இன்னும் வேகமாக ஓடவேண்டும், இன்னும் இலாபம் ஈட்டவேண்டும் என்பதற்காக மட்டும் என்றால், அந்த ஆலோசனை அரைகுறையானது. மன உறுதி நல்லதொரு குதிரை; அது எங்கே போகிறது என்றும் கேட்கவேண்டும். ஓர் உதாரணம் சொல்வோம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்து, தொழில் தருநர் தம் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தவேண்டும் என்பது நமது நாட்டுச் சட்டம். நெருக்கடி வந்தால் முதலில் வரும் சோதனை, கழித்த காசைக் கட்டாமல் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் பார்ப்போம் என்பதே. வேலையாள் அறியமாட்டார். "எல்லாம் சரி" என்ற சொல் அதை மூடிவிடும். இப்படிப்பட்டவருக்கு மன அமைதி தரும் ஆலோசகர் அவருக்கு நன்மை செய்யவில்லை. அவருக்குத் தேவை அமைதியன்று, மனச்சாட்சியின் உறுத்தல். உழைப்பு மனிதனுக்காகவே, முதலைவிட உழைப்பே முதன்மையானது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் தமது சுற்றுமடலில் கற்பித்ததை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் தலைவன் தன் பயத்தையெல்லாம் எல்லோரிடமும் கொட்டவேண்டுமா? வேண்டியதில்லை. நமது ஆண்டவர் காட்டிய வழியைப் பாருங்கள். ஜெத்சமனித் தோட்டத்திலே தமது ஆன்மா மரணமட்டும் துயருறுவதை அவர் வெளிப்படுத்தினார். யாரிடம்? மக்கள் கூட்டத்திடமன்று; இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரிடம். ஆனால் வரப்போவது என்ன என்ற உண்மையைப் பன்னிருவருக்குமே முன்கூட்டிச் சொல்லிவைத்தார். பயத்தை மூவரிடம் பகிர்ந்தார். உண்மையை எவருக்கும் மறைக்கவில்லை.

நமது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தன் கலக்கத்தைச் சிலரோடு மட்டும் பகிர்ந்து, மற்றவர் முன் அமைதியாக நிற்க ஒரு தலைவனுக்கு உரிமையுண்டு. அது தைரியம். ஆனால் தன்னை நம்பியிருப்போரின் பிழைப்பைத் தொடும் உண்மைகளை மறைக்க அவனுக்கு உரிமையில்லை. அது பொய். "எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை" என்பதை வேலையாட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை" என்பதை, அந்த மூன்று மாதம் தொடங்கும்போதே சொல்லவேண்டும். வேறு வேலை தேட அவர்களுக்கும் காலம் வேண்டுமல்லவா?

நம் ஊரில் கூலி கொடுத்துப் பயிற்றுவிப்பாளரை அமர்த்த எல்லோராலும் முடியாது. ஆனால் இளைப்பாறிய வங்கி முகாமையாளர் ஒருவர் இருக்கலாம். நேர்மையாக வியாபாரம் செய்து அடிபட்டு எழும்பிய பெரியவர் ஒருவர் இருக்கலாம். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் இருக்கலாம். வாரங்கணக்கில் நித்திரையின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது விசுவாசக் குறைவென்று எண்ணி ஒளிக்கவேண்டாம், வைத்தியரை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.

குருக்களாகிய நாமும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். கலங்கி வருபவரிடம் "செபியுங்கள்" என்று ஒரே சொல்லில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். சாகவேண்டும் என்று மன்றாடிப் படுத்த எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது பிரசங்கமன்று; அப்பமும் தண்ணீரும். மீண்டும் நித்திரை கொள்ளவும் விட்டார். அதன் பிறகே ஓரேபு மலைக்குப் பயணம்.

பெற்றோரே, மனைவிமாரே, கணவன்மாரே! உங்கள் வீட்டிலும் ஆறு அடுப்புகளைத் தாங்கும் ஒருவர் இருக்கலாம். "ஆம்பிளை கலங்கலாமா?" என்று கேட்டு அவர் வாயை அடைக்காதீர்கள். வருகிற ஞாயிறு கோயில் வாசலில் "தொழில் எப்படித் தம்பி?" என்று கேட்கும்போது, பதிலைக் கேட்காமலே நகர்ந்துவிடாதீர்கள். அவர் "பரவாயில்லை" என்று சொன்ன பிறகும் சற்று நேரம் நில்லுங்கள். இரண்டாவதாக அவர் சொல்லுவதுதான் உண்மையான பதிலாக இருக்கும்.