முகத்தில் மண்டையோடு, கையில் விருந்து

வீட்டு விருந்தை ஒரு நாட்டின் வேடத்தில் நடத்துவது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. மெக்சிக்கோ விருந்தென்றால் அகன்ற வைக்கோல் தொப்பி, ஒட்டுமீசை, போதாததற்கு முகத்தில் மண்டையோட்டு ஒப்பனை. 2015இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் உணவகம் அந்தத் தொப்பியை இலவசமாகக் கொடுக்க, மாணவர் சங்கம் தடுத்தது. பெரிய வாதமே எழுந்தது. தொப்பியைப் பற்றி இரு பக்கமும் பேசலாம். மண்டையோட்டில் பேச எதுவுமில்லை. அது தவறு.

உணவில் குற்றமில்லை. மிளகாய், சோளன், பப்பாசி எல்லாம் மெக்சிக்கோவிலும் அதன் அயலிலும் இருந்து வந்தவைதானே. மிளகாய் இல்லாமல் மட்டக்களப்பில் மீனாணம் ஏது? சோளமா ரொட்டி சுட்டு அயலாரை அழைப்பது நன்மை. முன்பின் அறியாதவர்கள் முன் இப்ராஹீம் நபி சுட்ட கன்றை வைத்ததைக் குர்ஆன் சொல்கிறது.

ஆனால் அந்த மண்டையோடு நவம்பர் 1, 2ஆம் திகதிகளுக்குரியது. இறந்தவர்கள் வீடு திரும்புவதாக மெக்சிக்கோ மக்கள் நம்பும் இறந்தோர் நாட்கள் அவை. முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. இறந்தவரின் படத்தை வைத்து, செண்டுமல்லி பரப்பி, தண்ணீரும் உப்பும் ரொட்டியும், அவர் ஆசைப்பட்டுத் தின்ற பண்டமும் படைப்பார்கள். யுனெஸ்கோ 2008இல் அந்த நாட்களின் வழக்கத்தை மனிதகுல மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் சிரிப்பும் பாட்டும் உண்டுதான். மெக்சிக்கோ நகரின் 2016 இறந்தோர் நாள் ஊர்வலமே ஒரு ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தைப் பார்த்து உண்டானது. இருந்தாலும் அங்கே சிரிப்பவருக்குப் படையலில் வைத்த படத்தில் ஒரு தாய் இருக்கிறாள். அந்தியேட்டி வீட்டையோ கத்தம் ஓதும் வீட்டையோ யாரும் வேடம் கட்டி ஆடினால் மட்டக்களப்பின் வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் பொறுக்குமா?

இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கிய வள்ளுவர் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, முதலில் வைத்தார். தெய்வம் அடுத்தது, விருந்து அதற்கும் பின்னே. நடுகல்லுக்குக் கல் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் துறை வகுத்தது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைக் குர்ஆனின் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. விருந்து வைப்போரே, மெக்சிக்கோ மக்களின் அடுப்பைக் கடன் வாங்குங்கள். அவர்களுடைய மையவாடியை உங்கள் முற்றத்துக்கு அலங்காரமாக்காதீர்கள்.

இறந்தவரை மதிக்க ஓட்டமாவடிக்கு நூல்கள் சொல்லித்தரத் தேவையில்லை. 2020இல் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்றது இலங்கை அரசு. அதை எதிர்த்துப் பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைக் கபன் துணிக் கீற்றுகளை முடிந்தார்கள். பிறகு அடக்கம் செய்ய அனுமதி கிடைக்க, 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் ஒரு வருடம், தீவின் எல்லாப் பக்கமிருந்தும் ஜனாஸாக்கள் ஓட்டமாவடியின் மஜ்மா நகருக்கு வந்துகொண்டிருந்தன. 3,600க்கும் மேல். முஸ்லிம்களோடு பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். தொலைதூர ஊர்களிலிருந்து வரும் உறவுகள் நீண்ட வரிசைகளுக்கிடையே நடந்து, தங்களுடைய கபுறைக் கண்டுபிடித்து, அந்த மண்ணருகே குந்துகிறார்கள்.