கலியாணம் யாருக்காக?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் தந்தை ஒருவர் அறைவீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். மகளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. கையில் ஒரு கொப்பி. மண்டபம், சாப்பாடு, கூறை, தாலிக்கொடி, வீடியோ, கேக், வாகனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் தொகைகள். “மண்டபம் ஆவணியில ஒரு நாள்தான் கிடைச்சிருக்கு, சுவாமி. அந்த நாளுக்குக் கோவிலைத் தாங்கோ” என்றார். “பிள்ளைகள் இரண்டு பேரையும் எப்ப கூட்டிக்கொண்டு வாறியள்?” என்று கேட்டேன். “அதுக்கென்ன சுவாமி, முதல்நாள் பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவினம்தானே” என்று பதில் வந்தது.

அவர் நல்ல மனிதர்; ஞாயிறு பூசை தவறாதவர். அந்தக் கொப்பியின் ஒவ்வொரு வரியும் மகள்மீது அவர் கொண்ட பாசத்துக்குச் சாட்சி. ஆயினும் அந்தக் கொப்பியில் விவாகத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கவில்லை. இது அவர் ஒருவருடைய குறையன்று. நமது குடும்பங்களில் வேரூன்றிவிட்ட சில தப்பபிப்பிராயங்களின் விளைவே இது. அவற்றுட் சிலவற்றை இங்கு சற்று ஆராய்வோம்.

முதலாவது, விவாகத்தைச் செய்து வைப்பவர் குருவானவர் என்ற எண்ணம். “சுவாமி கட்டி வைத்தார்” என்றுதான் பேசிக்கொள்கிறோம். நமது இலத்தீன் திருச்சபையின் போதனையோ வேறு. இத்திருவருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குருவானவர் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுத் திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறார். ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் தனிமையில் சம்மதம் தெரிவித்தாலே விவாகம் செல்லுபடியாயிற்று. பின்னர் ஒருவர் அதை மறுத்து வேறொருவரை மணந்து கொண்ட அநீதிகள் பெருகியமையால், 1563ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் பங்குக் குருவானவரும் சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டுமென விதித்தது. சம்மதத்தைக் காப்பதற்கே சாட்சிகள். சம்மதத்துக்குப் பதிலாக அல்ல. இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், 1057ஆம் இலக்கத்தில், மணமக்களின் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது என்றும், வேறெந்த மனித அதிகாரமும் அந்தச் சம்மதத்தை ஈடுசெய்ய முடியாது என்றும் கூறுகிறது. தகப்பனாலும் முடியாது, தாய்மாமனாலும் முடியாது, தரகராலும் முடியாது, ஆயராலும் முடியாது.

அப்படியாயின் கலியாண ஆயத்தத்தில் முதன்மையானது எது? அந்தச் சம்மதம் அறிவோடும் சுதந்திரத்தோடும் முதிர்வதற்கு வழிசெய்வதே. பெரியோர் பொருத்தம் பார்ப்பதில் தவறில்லை. அவர்களுடைய அனுபவம் பெரும் துணை. ஆனால் பேச்சுக்கால் எல்லாம் முடிந்த பின்னர் மகளைக் கூப்பிட்டு “உனக்குச் சம்மதம்தானே?” என்று கேட்பது கேள்வியன்று, அறிவித்தல். வன்முறையாலோ பாரதூரமான அச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்கிறது அதே சட்டம். எல்லா நெருக்கடியும் அந்த அளவுக்குப் போவதில்லை என்பது உண்மையே. எனினும் ஒன்றைச் சிந்தியுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழ் அச்சடித்து, வெளிநாட்டுச் சொந்தக்காரர் விமானச் சீட்டும் எடுத்துவிட்ட பின், “எனக்குத் தயக்கமாயிருக்கிறது” என்று ஒரு பெண்பிள்ளை வாய் திறப்பாளா? செலவு கூடக் கூட ‘இல்லை’ என்று சொல்லும் சுதந்திரம் குறைகின்றது. ஆடம்பரத்தில் காசு மட்டுமல்ல, சம்மதமும் செலவாகி விடலாம்.

இரண்டாவது, ‘எழுத்து மட்டும்தானே’ என்ற எண்ணம். மாப்பிள்ளை வெளிநாட்டில். விசா அலுவலுக்காக இப்போது எழுத்தை முடித்து வைப்போம், கோவிற் கலியாணத்தைப் பிறகு பார்ப்போம் என்கிறார்கள். பதிவு என்பது ஆசனம் ஒதுக்கி வைப்பதன்று. பதிவுப் புத்தகத்தில் கையொப்பமிட்ட அன்றே அவர்கள் நாட்டின் சட்டப்படி கணவன் மனைவி. திருச்சபையிலோ அவர்கள் இன்னும் திருவருட்சாதனத்தைப் பெறாதவர்கள். இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் சிலருக்கு வருடங்கள் கழிகின்றன. இடையில் மனம் மாறினால் “சரிவரவில்லை” என்று சொல்லி விலகிவிட முடியாது. நீதிமன்றப் படியேற வேண்டும். எழுத்துக்கும் கோவிலுக்கும் இடையிலுள்ள காலம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது, செலவே கௌரவம் என்ற எண்ணம். இங்கு நியாயத்தோடு பேசுவோம். விருந்து பாவமன்று. கானாவூரில் நடந்த கலியாணத்துக்கு நமதாண்டவர் போனார். இரசம் தீர்ந்தபோது “விருந்து எதற்கு?” என்று அவர் கடிந்துகொள்ளவில்லை, ஆறு கற்சாடிகளில் நிறைந்த தண்ணீரை இரசமாக்கி, அந்த வீட்டாரின் மானத்தைக் காத்தார். உபசரிப்பின் மகிழ்ச்சியை அவர் மதித்தார். ஆனால் அங்கே தேவதாய் செய்ததையும் கவனியுங்கள். குறையைக் கண்டவர் பந்தியில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை. மகனிடம் மாத்திரம் சொன்னார். நாமோ கலியாண வீட்டுக்குப் போய் வந்து கறிகளை எண்ணுகிறோம். தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்கிறோம். போன மாதத்துக் கலியாணத்தோடு ஒப்பிடுகிறோம். காணியை ஈடு வைப்பவர் தகப்பன். வைக்கத் தூண்டுவது நமது நாக்கு. ‘ஊர் என்ன சொல்லும்’ என்று அவர் அஞ்சுகின்ற அந்த ஊர், வாசகர்களே, நாம்தான்.

சீதனத்தையும் இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே சீதனம் என்பது பெற்றோர் மகளுக்குக் கொடுக்கும் சொத்து. அது அவளுடைய புதிய வாழ்வுக்கு ஆதாரம். மாப்பிள்ளை வீட்டார் இனாம் என்றும் ‘டொனேசன்’ என்றும் கேட்டு வாங்கும் காசுக்கு அந்த நியாயம் கிடையாது. அது அவர்கள் மகனுக்குத் தாங்களே குறித்த விலை. விலை பேசியபின், பீடத்தின் முன் ஒருவரையொருவர் இலவசமாய்க் கையளிக்கிறோம் என்று சொல்வதன் பொருள் என்ன?

நான்காவது, எளிய கலியாணம் என்றால் கஞ்சத்தனம், அல்லது ஏதோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் அறிவுரை மடலில், கலியாணச் சோடனைகளிலேயே மூழ்கி, பணமும் பலமும் இழந்து, களைத்துப்போய்ப் பீடத்துக்கு வரும் மணமக்களைப் பற்றி வருந்தி எழுதினார். மற்றவர்களிலிருந்து வேறுபட்டு, எளிமையைத் தெரிந்துகொள்ளும் துணிவு கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார். அவர் அதைத் துணிவு என்று சொன்னது பொருத்தமே. கடன்பட்டு ஆடம்பரம் செய்ய நம்மிடையே துணிவு வேண்டியதில்லை, எல்லோரும் செய்கிறார்கள். கடன்படாமல் இருக்கத்தான் துணிவு வேண்டும்.

இனி, அந்தத் தகப்பனின் கதைக்கு வருவோம். பிள்ளைகளைக் கூட்டி வந்த பின்புதான் நாள் குறிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். சற்று மனத்தாங்கலோடுதான் போனார். இரண்டு கிழமைகளின் பின் இருவரும் வந்தார்கள். மணப்பெண்ணோடு தனியே கதைத்தபோது அவள் சொன்னதை, அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, சுவாமி. ஆனா அப்பா இருக்கிற காணியை ஈடு வைக்கப் போறார். அதை நினைச்சா நித்திரை வரேல்லை. எனக்காகத்தான் செய்யிறார் எண்டு தெரியும். அதாலதான் வேண்டாமெண்டு சொல்லவும் ஏலாமல் கிடக்கு.”

மகளுக்காகத் தகப்பன் கடன்படத் துணிகிறார். தகப்பனுக்காக மகள் வாய் திறவாமல் இருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். இருவருக்கும் வேண்டாத ஒன்று அவர்கள் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. அன்று மாலையே தகப்பனையும் அழைத்து மூவருமாய்ப் பேசினோம். கலியாண விருந்து பங்கு மண்டபத்தில் நடந்தது. காணி தப்பியது. சில உறவினர் இன்றைக்கும் அவரோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த விலையை அவர் கொடுத்தார்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்குமுன் பிள்ளைகளோடு பங்குக் குருவானவரிடம் வாருங்கள். கொப்பியின் முதற் பக்கத்தை வெறுமையாக விட்டு, அதைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அவர்கள் மனதிலுள்ளதை எழுதட்டும். அதை வாசித்த பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள்.