தயார் என்று யார் சொல்வது?

நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், தண்ணீருக்கடியில் முழங்காலிட்டிருந்தேன். முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீரை விட்டு, மூக்கு வழியாக மூச்சை ஊதி அதை வெளியேற்ற வேண்டும். ஸ்கூபா கற்பவர்கள் தொடக்கத்திலேயே செய்யும் பயிற்சி இது. என்னோடு சேர்ந்த மூன்று பேரும் முதல் நாள் மதியமே முடித்துவிட்டார்கள். நான் இதற்காக நான்காவது முறை புதுச்சேரிக்கு வந்திருந்தேன். தண்ணீர் மூக்கைத் தொட்டதும், என்னைக் கேட்காமலே என் உடம்பு எழுந்து நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க அக்கா, ரிலாக்ஸா இருங்க" என்றார் பயிற்சியாளர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பொறுமையானவர்தான். ஆனால் பயப்படாதே என்று சொல்லி யாருக்குப் பயம் போயிருக்கிறது?

மூன்று நான்கு நாளில் முடியும் அடிப்படைப் பயிற்சி எனக்கு ஏழு மாதம் எடுத்தது. கடைசியில் சான்றிதழ் கிடைத்த அன்று மாலையே, "அப்படியே அட்வான்ஸ்டும் பண்ணிடுங்க அக்கா. ரெண்டே நாள்தான், பரீட்சைகூட கிடையாது" என்றார் அதே இளைஞர். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் அதற்குத் தயாரா? தயார் என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது?

எனக்குள் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று வீட்டுக் குரல்: "இந்த வயசுல இதெல்லாம் உனக்கு எதுக்கு?" மற்றது நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குரல்: "உன்னால முடியும், உன்னை நம்பு." முதல் குரலோடு பாதி வாழ்நாள் சண்டை போட்டிருக்கிறேன். இரண்டாவது குரலையும் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான். இரண்டு குரல்களுமே தண்ணீருக்கடியில் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கவில்லை. ஒன்று பெண் என்று பார்த்து மறுத்தது. மற்றது பெண் என்று பார்த்து ஊக்கப்படுத்தியது.

அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை போகலாம். அட்வான்ஸ்டு பயிற்சி அதை 30 மீட்டர் ஆக்குகிறது. பன்னிரண்டு மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. அதே வேகத்தில் மூச்சுவிட்டால், மேலே ஒரு மணி நேரம் வரும் காற்று அங்கே கால் மணி நேரத்தில் தீரும். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிட்டால் இன்னும் சீக்கிரம். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணைப்படி, 18 மீட்டரில் 56 நிமிடம் இருந்துவிட்டு நேராக மேலே வரலாம். 30 மீட்டரில் 20 நிமிடம்தான். அந்த ஆழத்தில் நைட்ரஜன் லேசான போதைபோல மூளையை மந்தமாக்கவும் கூடும். கணக்குப் போட வேண்டிய இடத்தில்தான் கணக்கு தடுமாறும்.

இப்போது அந்த முகமூடிக்குத் திரும்புகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் என் உடம்பு எழுந்து நின்றால் நஷ்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் வெட்கம்தான். அதே அனிச்சைச் செயல் ஆழத்தில் நடந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதாக ஆகும். அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும், நுரையீரல் கிழியலாம். ஆகவே ஏழு மாதம் என்னைத் தடுத்தது அற்பமான விஷயமல்ல.

நான் ஏன் மெதுவாகக் கற்றேன் என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்க் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நானும் அண்ணனும் ஒன்றாகத்தான் இறங்கினோம். வயதுக்கு வந்ததோடு எனக்குக் கிணறு முடிந்துபோனது. அண்ணன் பம்ப் செட் அறை மேலிருந்து தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தான். ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, பெண்கள் பந்து எறிவதைப் பற்றி 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண் ஒரு செயலை நோக்கி உடம்பை நீட்டும்போதே, முடியாது என்ற தயக்கமும் கூடவே அந்த உடம்பை இழுக்கிறது. அது பிறவியில் வந்ததல்ல, வளர்த்த விதத்தில் வந்தது என்பது அவர் வாதம். முகமூடிக்குள் தண்ணீர் வந்தபோது என் உடம்பில் அந்தத் தயக்கம்தான் இருந்தது.

ஆனால் இங்கே நாம் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இழைக்கப்பட்ட அநீதி என் குறையை விளக்குகிறது. அந்தக் குறையை அது நிரப்புவதில்லை. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் நம் வரலாற்றைச் சொல்லி நியாயம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கடலிடம் அதைச் சொல்ல முடியாது.

இதைச் சொல்லும்போதே, தகுதி என்ற சொல் நம்மை வெளியே நிறுத்தப் பயன்பட்டதையும் மறக்க முடியாது. கடல் உயிரியலாளர் சில்வியா எர்ல், ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஆய்வுக்காகக் கடலடியில் கழித்தவர். கடலடி வாழிடம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்யும் டெக்டைட் திட்டத்துக்கு அவர் விண்ணப்பித்தபோது முதலில் மறுத்துவிட்டார்கள். 1970இல், ஐந்து பெண்கள் மட்டுமே கொண்ட குழுவுக்கு அவரே தலைவரானார். அமெரிக்க வர்ஜின் தீவுகளின் கடலடியில் அந்தக் குழு இரண்டு வாரம் வாழ்ந்து திரும்பியது. ஆயிரம் மணி நேரம் போதாது என்றவர்கள் ஆழத்தையோ அழுத்தத்தையோ அளந்து அதைச் சொல்லியிருக்க முடியாது.

பிறர் தீர்ப்பும் பொய்க்கலாம், நம் தன்னம்பிக்கையும் பொய்க்கலாம் என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள் ஆக்சிஜன் கருவி இல்லாமல் மூச்சடக்கிக் கடலில் இறங்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அனுபவத்தைப் பொறுத்து அவர்களுக்குள் மூன்று நிலைகள் உண்டு. மேல் நிலையில் இருப்பவர்கள் மற்றவர்களை வழிநடத்துகிறார்கள். தன் மூச்சின் அளவு தனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அங்கே அடிப்படைப் பாடம். இன்னும் ஒரு சிப்பி என்று கை நீட்டும் ஆசைதான் ஆளைக் கொல்லும். கீழ்நிலையில் இருப்பது அவமானமல்ல. இப்போதைய மூச்சு அவ்வளவுதான். நம் மன்னார் வளைகுடாவில் சேலைக்கு மேல் சட்டை மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க மூழ்கும் பெண்களும் சான்றிதழால் அல்ல, மூச்சால்தான் தங்களை அளக்கிறார்கள்.

இப்படி யோசித்தபோது என் கேள்வி மாறியது. தயாரா இல்லையா என்பதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டேன்: எனக்கு இல்லாதவற்றில் எதை அடுத்த பயிற்சி கற்றுத்தரும்? எது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும்? இரண்டும் வேறு வேறு. ஆழத்தில் இருந்து பழகுவது, திசைகாட்டி பார்த்து நீந்துவது, இவற்றை அங்கேதான் கற்க வேண்டும். அது தெரியவில்லை என்று காத்திருப்பது, ஓட்டத் தெரிந்த பிறகு வண்டியைத் தொடுகிறேன் என்பதுபோல. நம்மில் எத்தனை பேரின் ஓட்டுநர் உரிமம் பீரோவில் பத்திரமாகத் தூங்குகிறது! முழுமை வரட்டும் என்று காத்திருப்பதும் நமக்குக் கற்றுத்தரப்பட்ட பழக்கம்தான்.

ஆனால் முகமூடியைத் தரையில் முழங்காலிடாமல் நீர் நடுவே மிதந்தபடி சரிசெய்வது, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே ஆழத்தில் நிற்பது, காற்றின் அளவை யாரும் நினைவூட்டாமல் பார்ப்பது, இவற்றை அடுத்த பயிற்சி புதிதாகக் கற்றுத்தராது. அவை இருக்கின்றன என்று நம்பித்தான் அது தொடங்கும். அவை இல்லாமல் போனால் ஆபத்து எனக்கு மட்டுமல்ல. கடலுக்குள் எப்போதும் இருவராகத்தான் இறங்குகிறோம். துணைக்குக் காற்று தீர்ந்தால் என் மாற்றுக் குழாயைக் கொடுக்க வேண்டும். என் பதற்றத்தைச் சமாளிக்கவே என் கவனம் முழுவதும் போனால், அவளைப் பார்க்க என்னிடம் மிச்சம் இருக்காது. அதனால் என் தயார்நிலை என் சொந்த விஷயம் மட்டுமல்ல.

இன்னொன்றும் உண்டு. எந்தப் பயிற்சி அட்டவணையிலும் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டைவிரலை மேலே காட்டி முழுக்கை முடித்துக்கொள்ளலாம் என்பது முக்குளிப்பவர்களிடையே உள்ள பழைய விதி. யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அந்த விதி எனக்குத் தெரியும். ஆனால் மற்றவர்கள் பணம் கட்டி வந்திருக்கிறார்களே, என்னால் எல்லாருக்கும் கெடுகிறதே என்ற எண்ணம் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசையில் கடைசியாக உட்காரப் பழகிய கை அது. முகமூடியைவிட அதைத்தான் நான் அதிகம் பழக வேண்டியிருந்தது.

அன்று நான் பணம் கட்டவில்லை. "இன்னும் பத்து முறை 12 மீட்டருக்குள்ளேயே இறங்குறேன் தம்பி" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். ஏழாவது முழுக்கில் நீர் கலங்கிக் கிடந்தது. துணையாக வந்த கல்லூரி மாணவியின் துடுப்புகூடச் சரியாகத் தெரியவில்லை. எனக்கு மூச்சு வேகமெடுப்பதை உணர்ந்தேன். இறங்கி எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. கட்டைவிரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தோம்.

படகில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண், "நானும் காட்டணும்னுதான் நினைச்சேன் அக்கா, தைரியம் வரல" என்றாள். அவள் அடிப்படைப் பயிற்சியை மூன்றே நாளில் முடித்தவள்.

வேகமாகக் கற்பவர்கள் ஆழமாகக் கற்பதில்லை என்று இதிலிருந்து ஒரு நீதியை எடுக்க எனக்கு விருப்பமில்லை. மெதுவாகக் கற்றது என் பெருமையுமல்ல. அந்த ஏழு மாதத்தில் பயமும் பணச் செலவும் நிறையவே இருந்தன. அன்று படகில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் அளவு எனக்குத் தெரிகிறது, அதை வெளியே சொல்லவும் முடிகிறது.

மீதி மூன்று முழுக்குகளையும் முடித்தேன். கடைசி முழுக்கில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் கயிற்றைப் பிடிக்காமல் நின்றேன். அங்கேயே முகமூடிக்குள் தண்ணீர் விட்டு ஊதினேன். உடம்பு எங்கும் ஓடவில்லை. கரைக்கு வந்து அட்வான்ஸ்டு பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.