பறித்த பூவுக்குக் கணக்கு

பூஜைக்குப் பூப் பறிக்கும்போது என் பாட்டி எந்தச் செடியையும் மொட்டையடிக்க மாட்டார். எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் செம்பருத்தி, நந்தியாவட்டை, காசித்தும்பை எல்லாம் இருந்தன. "செடிக்கும் ரெண்டு விட்டு வைடா" என்பார். சாமிக்குத்தானே, எல்லாத்தையும் பறிச்சா என்ன என்று ஒருநாள் கேட்டேன். "சாமி பேரைச் சொல்லிட்டு எதையும் பண்ணலாமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு 21 வயதில்தான் உறைத்தது.

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரச் சேகரிப்புக்காக, முறையான அனுமதியோடு, கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்துக்கு ஒரு குழுவாகப் போனோம். 2,000 மீட்டர் உயரத்தில் பாசி மூடிய காடு. செடியை இலையோடும் பூவோடும் எடுத்து, பழைய நாளிதழ்த் தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, பிறகு தடித்த தாளில் ஒட்டுவார்கள். ஓரத்தில் ஒரு சீட்டு: எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன தேதி, எடுத்தவர் யார். காய்ந்தால் நிறம் மாறிவிடும். ஆகவே பூவின் நிறத்தையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். இப்படிப்பட்ட தாள்கள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் மட்டும் ஏறக்குறைய 750,000 உள்ளன. நூறு வருஷத்துக்கு முன் ஒரு மலையில் என்ன பூத்தது என்பதற்கு இவைதான் சாட்சி.

பாதையோரம் மஞ்சள் நிறத்தில் ஒரு காட்டுக் காசித்தும்பை. பாட்டி வீட்டுப் பூவுக்குச் சொந்தக்காரி! இருந்ததே மூன்று செடிதான். ஆசையில் ஒன்றை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. நான் எதையும் குறிக்கவில்லை. சாயங்காலம் திறந்து பார்த்தால், நீர்ச்சத்து நிறைந்த அந்தப் பூ கசங்கிக் கூழாகியிருந்தது.

குழுவை நடத்திய அக்கா கோபப்படவில்லை.

"எங்க எடுத்த தம்பி?"

"மேல... சரியா ஞாபகமில்லக்கா."

"எத்தனை செடி இருந்துச்சு?"

"மூணு."

"இருபது இருந்தாதான் ஒண்ணுல கை வைக்கணும்னு சொன்னேன்ல? இது ஆராய்ச்சி இல்லப்பா. சும்மா ஒரு செடியைக் கொன்னிருக்க."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அறிவுக்காக என்றால் ஓர் உயிரை எடுக்கலாமா? 'பூதானே' என்று சொல்லிவிடலாம். அல்லது 'எதையுமே தொடக்கூடாது' என்று சொல்லலாம். இரண்டுமே சுலபமான பதில்கள். தொடவே கூடாதென்றால் பூஜையும் இல்லை, சமையலும் இல்லை. இன்ன செடி இங்கே இருக்கிறது என்று யாரும் பதிந்து வைக்காவிட்டால், நாளைக்குக் காட்டை அழிக்கும்போது அதற்காக வாதாடவும் ஆள் இருக்காது.

சபாவின் கினபாலு மலையில் பூக்கும் ரோத்ஸ்சைல்ட் ஆர்க்கிட்டின் கதை இதற்கு நேர்மாறு. 1880களில் அதை ஐரோப்பாவில் விற்றவர்கள், போட்டியாளர்கள் தேடி வராமலிருக்க நியூ கினியில் கிடைத்தது என்று பொய் சொன்னார்கள். 1959இல்தான் அது கினபாலுவில் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களும் பூவைப் பறித்தார்கள். ஆனால் கணக்கை மறைத்தார்கள்.

நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதே நான் கற்றது. தேவைக்கு மேல் எடுக்காதிருப்பது, எடுத்ததை வீணாக்காதிருப்பது, எடுத்ததை மறைக்காதிருப்பது: இந்த மூன்றும் இருந்தால்தான் பறித்த கைக்கு நியாயம் உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமல்ல, பூஜை அறைக்கும் இது பொருந்தும். திருவிழா முடிந்த மறுநாள் நம் கோயில் வாசலில் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும் பூக்களைப் பாருங்கள், நண்பர்களே. அதற்கு யார் கணக்குச் சொல்வது?

அந்தக் காசித்தும்பைக்கு நான் பிறகு ஒரு சீட்டு எழுதினேன். இடம்: தெரியாது. உயரம்: தெரியாது. எடுத்தவர்: நான். இன்னும் என் டைரியில் இருக்கிறது.