மண்ணுக்குள் மறையும் குற்றம்

தீங்கு ஒன்று நிகழ்ந்தால் அதைச் செய்தவன் யார் என்று கேட்பது மனித குலத்தின் பழைய வழக்கம். ஆயின், செய்தவன் இன்னான் என்று சுட்ட இயலாத தீங்குக்கு யார் பொறுப்பு? கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்த இவ்வூரின் மக்களிற் பலர் மலையகத்திலிருந்து வந்தோரின் வழியினர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தோர் பலர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள் காடு வெட்டித் தமக்கென ஒரு துண்டு மண்ணைக் கண்டனர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போரினாற் பெயர்ந்த மக்கள் இவ்வூரில் வந்து நெருங்கினர். அவர்களுக்குக் கூரையாகியது தறப்பாள். அதை இகழ எவருக்கு மனம் வரும்?

அத்தறப்பாளும் உரப்பையும் நைலோன் கயிறும் அழிவதில்லை, சிறுத்துப் போகின்றன. வெயிலில் வெடித்து, கலப்பையில் நொறுங்கி, ஐந்து மில்லிமீற்றரிலும் சிறிதானவற்றையே நுண்பிளாஸ்ரிக் என்கிறோம். பல மாதம் வெயில் காய்ந்து, மாரியில் வெள்ளம் பாயும் வன்னியின் இயற்கை இதற்குத் துணை போகிறது: வெயில் நொறுக்குகிறது, வெள்ளம் வயலுக்கும் குளத்துக்கும் கொண்டு செல்கிறது. இத்துகள் மிகுந்த சூழலில் மண்புழுக்களின் வளர்ச்சி குன்றி இறப்பு மிகுவதை 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர் கண்டனர். உழவனின் நண்பன் என்று பாடசாலையிற் கற்பிக்கும் அதே புழுதான் துகளை ஆழ்மண்ணுக்குச் சுமந்து செல்கிறது.

2021இல் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்து, பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. அங்கே கப்பலுக்குப் பெயர் இருந்தது, உரிமையாளர் இருந்தனர். 2025இல் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. வயலிற் சிறுகச் சிறுகச் சேரும் துகளுக்கோ கப்பலும் இல்லை, வழக்கும் இல்லை. தீங்கு பலர் கைப்பட்டு மெல்ல நிகழ்ந்தால் அது தீங்கன்று என்றாகிவிடுமா?

“மக்களுக்குப் பொறுப்பில்லை” என்பது இங்கே எளிதிற் கிடைக்கும் விடை. அதனை நாம் ஏற்பதற்கில்லை. உலக வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் ஆண்டுதோறும் 1 கோடியே 25 இலட்சம் தொன் பிளாஸ்ரிக்கைப் பயன்படுத்துவதாக 2021இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் மதிப்பிட்டது. உரம் எந்தப் பையில் வரவேண்டும் என்று தர்மபுரத்து உழவனை எவரும் கேட்கவில்லை. தெரிவு செய்யும் வலிமை எங்கு மிகுதியோ, பொறுப்பும் அங்கேயே மிகுதி. தயாரித்து இலாபம் கொள்பவன் வெறும் பையை மீளப் பெறும் கடமையையும் கொள்ளவேண்டும். அதைச் செய்விக்கும் கடமை அரசுக்குரியது.

அதனால் உழவனும் ஆசிரியனும் மாணவனும் கைகட்டி நிற்கலாம் என்று கொள்ளலாகாது. பையை எரிக்காமலும் உழவில் புதைக்காமலும் ஊர்கூடிச் சேர்த்துவைப்பது நம்மால் இயன்றது. சேர்த்த குவியலைக் காட்டி, அதை எடுத்துச் செல்லவேண்டியவர் யார் என்று கூட்டாகக் கேட்பதும் இயன்றதே. நிலமற்றோர் பெரும்பாடுபட்டுப் பெற்ற மண் அது. அதை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நஞ்சாகக் கையளிக்கும் உரிமை எந்தச் சந்தைக்கும் கிடையாது.